சிங்கப்பூரில் பச்சைப் புள்ளி தேடிய அப்பா

முதல் நாள், வெள்ளி

திருச்சியில் நடுராத்திரி விமானம் ஏறி, காலையில் சாங்கியில் இறங்கி, உட்லண்ட்ஸில் அக்கா வீட்டு மின்தூக்கிக்குள் பெட்டிகளோடு நெருக்கிக்கொண்டு நிற்கிறோம். கூட ஏறிய ஒரு பாட்டி, முன்பின் தெரியாதவர், அப்பாவைப் பார்த்து, "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டார். அப்பா முழித்தார். இந்த ஊர்த் தமிழில் காலை டிபனுக்குப் பசியாறுதல் என்று பெயர். நாம் எப்போதோ தொலைத்துவிட்ட வார்த்தை, இங்கே பதினோராவது மாடிக்குப் போய் வந்துகொண்டிருக்கிறது.

இந்தப் பயணத்தில் அப்பாதான் சிக்கல் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்ரீரங்கத்துக்காரர். பதினோரு மாதம் ஆட்டுக்கால் சூப், நாட்டுக்கோழி, அயிரை மீன் எதையும் விடமாட்டார். புரட்டாசி பிறந்துவிட்டால் முட்டை வெந்த பாத்திரத்தைக்கூடத் தொடமாட்டார். டிக்கெட் மலிவாக இருக்கிறதே என்று சரியாக அந்த மாதத்தில் பயணத்தைப் போட்டவள் நான். எனக்கும் அவருக்கும் பழைய ஒப்பந்தம் ஒன்று உண்டு: நான் சனிக்கிழமை மட்டும் விரதம் இருந்தால் போதும்.

இன்னொரு பக்கம் என் பைத்தியம். எந்த ஊருக்குப் போனாலும் அங்கே இருக்கிற மெக்டொனால்ட்ஸ், கேஎஃப்சி மாதிரிக் கடைகளுக்குள் நுழைந்து மெனுப் பலகையைப் படிப்பேன். "அங்க போயும் பர்கரா?" என்று அக்கா திட்டுவாள். பர்கருக்காகப் போவதில்லை. உலகம் முழுக்க ஒரே பெயர்ப்பலகை, ஒரே சிவப்பு மஞ்சள், ஒரே நாற்காலி. ஆனால் பலகையில் இருப்பது மட்டும் ஊருக்கு ஊர் வேறு. பாங்காக்கில் வாசலில் நிற்கும் கோமாளி பொம்மை கைகூப்பி நம்மை வரவேற்கும். உள்ளே பன்றி இறைச்சி பர்கர் இருக்கும், சோளம் வைத்த பை இருக்கும். ஜகார்த்தாவில் பொரித்த கோழிக்குப் பக்கத்தில் வெள்ளைச் சோறு உருண்டையாக உட்கார்ந்திருக்கும். ஒரு நாட்டைப் பற்றி வழிகாட்டி சொல்லாததைப் பலகை சொல்லிவிடும் என்பது என் கட்சி.

சாயந்திரம் அக்கா மகன் எங்களைக் கீழே கூட்டிப் போனான். பதிமூன்று வயது, வீட்டில் தம்பி என்று கூப்பிடுவோம். மூன்று புளோக் தள்ளி மெக்டொனால்ட்ஸ். வாசலிலேயே ஆளுயரத் தொடுதிரைகள். தம்பி விரலால் படபடவென்று தள்ளிக்கொண்டே போக, அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு படமாகக் குனிந்து பார்த்தார்.

"என்ன தாத்தா தேடுறீங்க?"

"பச்சைப் புள்ளி எங்கடா?"

தம்பிக்குப் புரியவில்லை. சிங்கப்பூரில் பிறந்தவனுக்கு எப்படித் தெரியும். நம் ஊரில் பிஸ்கட் பாக்கெட்டிலிருந்து பர்கர் பெட்டி வரை சதுரத்துக்குள் ஒரு பச்சைப் புள்ளி இருந்தால் சைவம். அப்பாவுக்கு அது திருமண் மாதிரி, கண்டால்தான் கை நீளும்.

1996 அக்டோபரில் தில்லி வசந்த் விஹாரில் மெக்டொனால்ட்ஸ் முதல் கடையைத் திறந்தபோது, உலகத்திலேயே மாட்டிறைச்சி இல்லாத முதல் மெக்டொனால்ட்ஸ் அதுதான். மாடும் கிடையாது, பன்றியும் கிடையாது. அவர்களுடைய அடையாளமான பிக் மேக்கையே ஓரங்கட்டிவிட்டு, ஆட்டுக்கறி வைத்து மகாராஜா மேக் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். பிறகு அது கோழியானது. உருளைக்கிழங்கு டிக்கியை ரொட்டிக்குள் வைத்தார்கள். மயோனைஸில் முட்டையை எடுத்தார்கள். சமையலறையையே இரண்டாகப் பிரித்து, சைவத்துக்கு வேறு ஆள், வேறு சட்டி, வேறு கரண்டி. சேர்த்ததைவிட எடுத்தது அதிகம். வந்த ஊரில் யாருடைய முகம் சுளிக்கக்கூடாது என்று கணக்குப் போட்டு, அதற்குத் தக்கபடி கடையைக் கட்டியிருக்கிறார்கள்.

சிங்கப்பூர்க் கணக்கு வேறு. சுவரில் ஹலால் சான்றிதழ் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. இங்கே 1992 முதல் எல்லா மெக்டொனால்ட்ஸும் ஹலால். பன்றி கிடையாது. காலையில் விற்கும் மஃபினுக்குள் வைக்கும் சாசேஜ்கூடக் கோழிதான். மாடு தாராளமாக உண்டு. நான் தம்பியிடம் சொன்னேன், "தாத்தா தேடுற புள்ளி இங்க அந்தச் சட்டத்துக்குள்ள இருக்கு."

"ஹலால்னா சைவம்னு அர்த்தமில்லையே" என்றார் அப்பா. சரிதான்.

உருளைக்கிழங்கு வறுவல் இருக்கிறதே என்று தம்பி கேட்டான். அங்கேதான் வினை. அப்பாவுக்குப் பழைய செய்தி ஒன்று நெஞ்சில் தைத்திருக்கிறது. அமெரிக்காவில் அந்த வறுவலை ஆதியில் மாட்டுக்கொழுப்பில் பொரித்தார்கள். 1990இல் தாவர எண்ணெய்க்கு மாறிவிட்டதாக அறிவித்தார்கள். ஆனால் மணத்துக்காக மாட்டிறைச்சிச் சாரம் சேர்ப்பது தொடர்ந்தது. சைவம் என்று நம்பிப் பல வருடம் சாப்பிட்டவர்கள் 2001இல் சியாட்டிலில் வழக்குப் போட, அடுத்த ஆண்டு கம்பெனி மன்னிப்புக் கேட்டு 1 கோடி டாலர் தருவதாக ஒப்புக்கொண்டது. இந்தியாவில் அந்தச் சாரம் சேர்ப்பதே கிடையாது என்று நம் ஊரில் எத்தனை முறை விளக்கம் கொடுத்தாலும் அப்பாவுக்கு ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருக்கும். அதிலும் இது வேறு நாடு.

கடைசியில் அவர் சாப்பிட்டது ஒரு கிண்ணம் வேகவைத்த சோளம். விலையைப் பார்த்து அறுபத்தைந்தால் பெருக்கினார். "இந்தக் காசுக்குக் காந்தி மார்க்கெட்ல ஒரு கூடை சோளம் வாங்கலாம்" என்றார். இங்கே தமிழர்கள் டாலரை வெள்ளி என்கிறார்கள் என்று சொன்னதும் முகம் கொஞ்சம் மலர்ந்தது. "வெள்ளி விலைதான் விக்கிறான்."

இரண்டாம் நாள், சனி

புரட்டாசிச் சனி. சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலில் காலை ஆறரைக்கே வரிசை வெளியே வந்துவிட்டது. ஸ்ரீரங்கத்தில் பார்க்காத கூட்டமா என்று வந்த அப்பா, வரிசை ஒழுங்கைப் பார்த்து அசந்து நின்றார். முண்டியடிப்பார் யாருமில்லை. துளசி மாலையோடு வேலைக்குப் போகும் அடையாள அட்டையும் கழுத்தில் தொங்க, இளைஞர்கள் கைப்பேசியில் தட்டிக்கொண்டே நகர்ந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அன்னதானம். சோறு, சாம்பார், இரண்டு கறி, அப்பளம், பாயசம்.

வரிசையில் நேரம் போகாமல் மாமாவுக்கு, அதாவது அக்கா கணவருக்கு, ஒரு கதை சொன்னேன். மெக்டொனால்ட்ஸின் மீன் பர்கர், ஃபிலே ஓ ஃபிஷ், ஒரு விரதத்துக்காகப் பிறந்தது. அமெரிக்காவில் சின்சினாட்டி நகரத்தில் லூ குரோன் என்பவர் கடை நடத்தினார். சுற்றிலும் கத்தோலிக்கர்கள். வெள்ளிக்கிழமை அவர்கள் இறைச்சி தொடமாட்டார்கள். வெள்ளியன்று கடை ஈயாடும். 1962இல் மீன் பர்கர் போடலாமா என்று தலைமையிடம் கேட்டார். முதலாளி ரே கிராக்குக்கு இஷ்டமில்லை. அவர் கையில் வேறு ஒரு யோசனை வைத்திருந்தார்: ரொட்டிக்கு நடுவில் சீஸும் ஒரு வட்டம் அன்னாசிப் பழமும். பெயர் ஹுலா பர்கர். இரண்டையும் ஒரு வெள்ளிக்கிழமை விற்றுப் பார்ப்போம், ஜெயிப்பது பலகைக்குப் போகட்டும் என்று பந்தயம். மீன் 350 போனது, அன்னாசி ஆறு போனது என்பார்கள்.

பின்னால் நின்று காது கொடுத்துக்கொண்டிருந்த அப்பா திரும்பினார். "அப்ப அந்த மீனு விரதச் சாப்பாடா?"

"அவங்க கணக்குல ஆமாப்பா."

"அந்த அன்னாசிப்பழம் பர்கர் இன்னும் இருந்தா நான் சாப்பிட்டிருப்பேனே."

அவரைப் போல அன்று உலகத்தில் ஆறு பேர்தான் இருந்திருக்கிறார்கள்.

மத்தியானம் நம் ஆட்கள் கூடும் தேக்கா பக்கம் சுற்றிவிட்டு, சாயந்திரம் கோமள விலாஸில் நெய் தோசை. 1947இலிருந்து இருக்கிற கடை. இங்கே மட்டும் அப்பா எந்தப் புள்ளியையும் தேடவில்லை. சாம்பார் கொஞ்சம் தித்திப்பு என்று சொல்லிவிட்டு இரண்டு கிண்ணம் வாங்கி ஊற்றிக்கொண்டார்.

மூன்றாம் நாள், ஞாயிறு

ஆர்ச்சர்ட் சாலை. 1979இல் சிங்கப்பூரின் முதல் மெக்டொனால்ட்ஸ் திறந்த லியட் டவர்ஸ் இந்தச் சாலையில்தான் இருக்கிறது. நான் போனது அதற்காக இல்லை. கொஞ்ச தூரத்தில் லக்கி பிளாசா.

ஞாயிற்றுக்கிழமை லக்கி பிளாசாவுக்குள் காலெடுத்து வைத்தால் சிங்கப்பூர் முடிந்து மணிலா தொடங்கிவிடும். வீட்டுவேலை செய்யும் பிலிப்பீன்ஸ் பெண்களுக்கு வார விடுமுறை நாள். பணம் அனுப்பும் கடை, ஊருக்குச் சாமான் அனுப்பும் அட்டைப்பெட்டிகள், படிக்கட்டு முழுக்கச் சிரிப்புச் சத்தம். நம் ஆட்களுக்குத் தேக்கா எப்படியோ அவர்களுக்கு இது. நடுவில் ஜாலிபீ. சிவப்புத் தேனீ பொம்மை வைத்த பிலிப்பீன்ஸ் கம்பெனி. மணிலாவில் ஐஸ்கிரீம் கடையாகத் தொடங்கி, பர்கருக்கு மாறி, தன் நாட்டில் அமெரிக்கக் கடைகளையே முந்திய நிறுவனம். 2013இல் இங்கே கடை திறந்தபோது மணிக்கணக்கில் வரிசை நின்றது.

எனக்கு அதிர்ச்சி ஸ்பகெட்டியில். சாஸ் இனிக்கிறது! கொஞ்சமாக இல்லை, நம் கேசரிக்குத் தம்பி முறை. அதில் ஹாட்டாக் துண்டுகளை வெட்டிப் போட்டு, மேலே சீஸ் தூவி. பக்கத்து நாற்காலியில் இருந்த பிலிப்பீன்ஸ் பெண் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார். அரைகுறை ஆங்கிலத்தில் இரண்டு பேரும் பேசினோம். அவர் ஊரில் பிறந்தநாள் என்றால் இந்த ஸ்பகெட்டி இல்லாமல் கிடையாதாம். நூடுல்ஸ் நீளமாக இருப்பதால் ஆயுளும் நீளும் என்று நம்பிக்கை. மகனுக்கு அன்றைக்கு ஒன்பதாவது பிறந்தநாள். அவன் செபுவில் பாட்டியோடு இருக்கிறான். கைப்பேசியில் வீடியோ அழைப்பு போட்டு, இவர் இங்கே ஒரு வாய், அவன் அங்கே ஒரு வாய்.

பிறகு அந்தத் தித்திப்பைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பொரித்த கோழியும் சோறும் குழம்பும் வேறு வாங்கினேன். அது சொல்லவேண்டாம், அருமை. பிலிப்பீன்ஸில் உள்ள மெக்டொனால்ட்ஸும் வேறு வழியில்லாமல் மெக்ஸ்பகெட்டி என்று ஒன்று விற்கிறது. நம் ஊரில் பீட்சா கடைகள் பன்னீரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்ட மாதிரி.

அப்பா வெளியே மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

நான்காம் நாள், திங்கள்

மழை. நாள் முழுக்க வீடு. சாயந்திரம் விட்டதும் தம்பியைத் தேடிப் போனேன். ஆண்டிறுதித் தேர்வு வருகிறது, "மெக்ல படிக்கிறேன்" என்று போயிருந்தான். படிக்கப் பர்கர் கடைக்கா என்று எனக்குச் சந்தேகம். போய்ப் பார்த்தால் பாதிக் கடை பள்ளிச் சீருடை. மேசை முழுக்கக் கணக்குத் தாள், காதில் இயர்போன், ஓரத்தில் ஆறிப்போன உருளைக்கிழங்கு. இந்த ஊரில் அது வழக்கமாம். குளிர்சாதனம் இருக்கிறது, வீட்டில் தம்பி தங்கை தொல்லை இல்லை.

தம்பி மேசையில் நாலு பேர். இவன், ஒரு மலாய்ப் பையன், இரண்டு சீனப் பையன்கள். நான் வாங்கித் தருவதாகச் சொன்னதும் நாலு பேரும் ஒரே குரலில், "மெக்ஸ்பைசி!"

மெக்ஸ்பைசி இந்த ஊர்ச் செல்லப்பிள்ளை. 1999இல் வந்தது. கோழித்தொடைக் கறி, மேலே மொறுமொறுவென்று மாவு, உள்ளே காரம். வெள்ளைக்காரக் காரம் என்று அசட்டையாக ஒரு கடி கடித்தேன். இரண்டாவது கடியில் மூக்கு ஒழுகியது. ஆந்திராக்காரம் இல்லைதான், ஆனால் மிளகுத்தூள் தூவிப் பேர் பண்ணுகிற காரமும் இல்லை. கூடவே பூண்டு போட்ட மிளகாய்ச் சாஸ். கோழித் துண்டுகளைத் தொட்டுக்கொள்ளக் கறி சாஸ் என்று ஒன்று, மஞ்சள் நிறத்தில். அதை மட்டும் நக்கிப் பார்த்தால் நம் வீட்டுக் குருமா சீனத்துக்குப் போய் நாலு வருடம் வேலை செய்துவிட்டுத் திரும்பியது மாதிரி இருக்கும்.

சாப்பிடும்போதுதான் கவனித்தேன். மலாய்ப் பையனுக்குப் பன்றி ஆகாது, ஹலால் முத்திரை வேண்டும். தம்பிக்கு அக்கா மாட்டிறைச்சி பழக்கவில்லை. சீனப் பையன்களில் ஒருவன் வீட்டில் குவான் யின் தெய்வத்தைக் கும்பிடுகிறார்கள், அதனால் அவனும் மாடு தொடமாட்டான். இன்னொருவனுக்கு எதுவும் தடையில்லை. நாலு பேரும் ஒரே தட்டில் கைவைக்க வேண்டுமானால் மிஞ்சுவது கோழி. மெக்ஸ்பைசி ராஜாவானதற்கு அதன் காரம் பாதிக் காரணம், இந்த மேசை மீதிக் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. நிரூபிக்க முடியாது. ஆனால் அந்த நாலு பையன்களும் உணவங்காடி நிலையத்துக்குப் போனால் நாலு கடையில் நாலு தட்டு வாங்க வேண்டும், முள்கரண்டி மாறிவிடக்கூடாது என்று பார்க்க வேண்டும். இங்கே ஒருவன் உருளைக்கிழங்கை இன்னொருவன் கேட்காமல் எடுக்கிறான்.

இப்படி எல்லோரையும் ஒரே மேசையில் உட்கார வைக்கப் போய்க் கம்பெனி ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்ட கதையை மாமா ராத்திரி சொன்னார். 2010 சீனப் புத்தாண்டுக்கு, சீன ராசிகள் பன்னிரண்டுக்கும் டோரேமான் பொம்மைகள் விட்டார்கள். எலி, எருது, புலி எல்லாம் சரி. பன்றி ராசிக்கு வந்ததும் கை நடுங்கியிருக்கிறது. ஹலால் கடையில் பன்றி பொம்மையா? அதை எடுத்துவிட்டு மன்மதன் பொம்மையை வைத்துவிட்டார்கள். காதலர் தினமும் அதே நாளில் வருகிறதே என்று ஒரு சமாதானம். பன்றி வருடத்தில் பிறந்த சீனர்கள் கொதித்துப்போனார்கள். முஸ்லிம்களிலேயே பலர், "நாங்க சாப்பிட மாட்டோம்னுதான் சொன்னோம், பொம்மையை யாரு வேணாம்னா?" என்று கேட்டார்கள். கம்பெனி மன்னிப்புக் கேட்டுப் பன்றியையும் கொண்டுவந்தது.

அப்பா நெடுநேரம் சிரித்தார். "வராக அவதாரத்தையே தூக்கிட்டு மன்மதனை வெச்சுட்டான் பாரு."

ஐந்தாம் நாள், செவ்வாய்

மாமா விடுப்பு போட்டார். நானும் அவரும் மலேசியாவின் ஜொகூர் பாரு. பாலம் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான், உட்லண்ட்ஸ் மாடியிலிருந்து பார்த்தால் அக்கரை தெரியும். கடக்க ஒன்றரை மணி நேரம். அதைப் பற்றி மேலும் எழுதினால் தலைவலி திரும்பி வரும்.

மலேசிய மெக்டொனால்ட்ஸில் நான் தேடிப் போனது கஞ்சி. புபூர் ஆயாம். குழைய வேகவைத்த அரிசிக் கஞ்சியில் கோழித் துண்டு, இஞ்சிக் கீற்று, வெங்காயத்தாள், பொரித்த சின்ன வெங்காயம், நறுக்கிய மிளகாய். மூடியைத் திறந்ததும் வந்த மணத்தில் மாமா கண்ணை மூடிக்கொண்டார். "காய்ச்சலுக்கு எங்கம்மா வெக்கிற கஞ்சி இது. பர்கர் கடையில வந்து கெடக்கு பாரு." பக்கத்து மேசையில் ஒரு பெரியவர் செய்தித்தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு அதே கஞ்சியைக் கரண்டியால் ஆற்றிக்கொண்டிருந்தார். பள்ளிவாசல் நோன்புக் கஞ்சியின் ஒன்றுவிட்ட சகோதரி என்று சொல்லலாம்.

நாசி லெமாக் விஷயத்தில்தான் இரண்டு நாட்டுக் குணமும் தெரிகிறது. தேங்காய்ப்பால் சோறு, சம்பல், நெத்திலி, கடலை, முட்டை, வெள்ளரி. இரண்டு நாட்டுக்காரர்களும் எங்களுடையது என்று சண்டை போடும் சாப்பாடு. சிங்கப்பூர் மெக்டொனால்ட்ஸ் 2017 ஜூலையில் அதைப் பர்கராக்கியது. தேங்காய் மணம் ஏற்றிய கோழி, பொரித்த முட்டை, வதக்கிய வெங்காயம், வெள்ளரி, சம்பல் எல்லாம் ரொட்டிக்குள். சோறு மட்டும் இல்லை. வந்த வேகத்தில் விற்றுத் தீர்ந்தது. மலேசியா 2019இல் சோறாகவே பலகையில் ஏற்றியது. மாமாவுக்கு இதில் பக்கச்சார்பு உண்டு, மலேசியாவில் தைப்பிங்கில் பிறந்தவர். "சோத்தை எடுத்துட்டு நாசி லெமாக்னு சொன்னா, மாப்பிள்ளை இல்லாம கல்யாணம்" என்றார். எனக்கு அந்தப் பர்கரைச் சாப்பிடக் கொடுத்துவைக்கவில்லை. அது சில வாரம் வந்து போகும் ரகம். தம்பிக்கு அப்போது பால்பல் பருவம், கேட்டுப் பிரயோஜனமில்லை.

திரும்பும்போது மழை, வரிசை, வரிசை.

ஆறாம் நாள், புதன்

பகல் சாப்பாட்டுக்கு அப்பாவை உணவங்காடி நிலையத்துக்குக் கூட்டிப் போனோம். அங்கே ஒரு சீனச் சைவக் கடை. சந்திர மாதத்தில் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் பௌத்தர்கள் பலர் சைவம். இப்போது அவர்களுடைய ஒன்பதாம் மாதம் வேறு பிறந்திருக்கிறது. ஒன்பது பேரரசர் தெய்வங்களின் விழா நடக்கிறது, வெள்ளை உடுத்திய பக்தர்கள் ஒன்பது நாள் சைவம். கோயில்களில் மஞ்சள் கொடி பறக்கிறது. சிங்கப்பூரில் புரட்டாசி தனியாக வருவதில்லை, துணைக்கு ஆள் இருக்கிறது என்று அக்கா சொன்னதும் அப்பா உற்சாகமாகிவிட்டார்.

தட்டு வந்தது. அப்பா நிமிர்ந்தார். "இது என்ன?"

"வாத்துப்பா. சைவ வாத்து."

தோல் சுருக்கம் வரை வாத்து. பக்கத்தில் சிவப்புச் சாயத்தில் பன்றி வறுவல், அதுவும் கோதுமைப் பசையிலும் சோயாவிலும் செய்தது. கடைக்காரர் பெருமையோடு பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா அதைக் கரண்டியால் புரட்டினார். இந்தப் பக்கம் புரட்டினார். "சைவம் சாப்பிடணும்னு விரதம் இருக்கறதே வாத்தை மறக்கத்தான். அதை மறுபடி பொம்மை பண்ணி எதுக்குடா தட்டுல வெக்கிறான்?" சோறும் கீரையும் மட்டும் சாப்பிட்டார். அந்த வாத்தை நான் முடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

ராத்திரி மாமா ஜப்பான் கதை சொன்னார். கப்பல் கம்பெனி வேலையில் டோக்கியோ போனவர், ஒரு டிசம்பர் 24 அன்று கேஎஃப்சி வாசலில் தெருக்கோடி வரை வரிசையைப் பார்த்திருக்கிறார். கிறிஸ்துமஸுக்குக் கென்டக்கிக் கோழி என்று 1974இல் அவர்கள் செய்த விளம்பரம் அங்கே பண்டிகை வழக்கமாகவே ஆகிவிட்டது. வாரக்கணக்கில் முன்பதிவு. ஜப்பானில் கிறிஸ்தவர்கள் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்! அந்த ஊரின் மோஸ் பர்கர் சிங்கப்பூரிலும் 1993 முதல் இருக்கிறது. நேற்று வரும் வழியில் வாங்கினேன். ரொட்டிக்குப் பதில் சோற்றை அழுத்தி வட்டமாக்கிச் சுட்டிருக்கிறார்கள், நடுவில் கறி. 1987இல் கண்டுபிடித்த வித்தை. பிடித்துக் கடித்தால் உதிராது. இதைக் கண்டுபிடிக்க ஜப்பான் எதற்கு, நம் வீட்டில் கட்டுச்சோறு நாலு மணி நேரம் இருந்தாலே இந்தக் கெட்டி வந்துவிடும்.

ஏழாம் நாள், வியாழன்

ராத்திரி விமானம். சாயந்திரமே சாங்கிக்கு வந்துவிட்டோம், விமான நிலையத்தை ஒட்டிய ஜுவல் வளாகம் பார்க்க. கண்ணாடிக் கூரையிலிருந்து 40 மீட்டர் உயரத்துக்கு நீர் கொட்டுகிறது. அப்பா அண்ணாந்து பார்த்து, "மேட்டூர்ல இப்ப எவ்வளவு தண்ணி?" என்று மட்டும் கேட்டார்.

கீழ்த்தளத்தில் ஏ அண்ட் டபிள்யூ. மாமா முகம் சின்னப்பையன் முகமாகிவிட்டது. இந்தத் தீவுக்கு வந்த முதல் அமெரிக்கத் துரித உணவுக் கடை இவர்களுடையது, 1966இல். 2003இல் மூடிக்கொண்டு போனார்கள். பதினாறு வருடம் சிங்கப்பூர்க்காரர்கள் பாலத்தைக் கடந்து மலேசியாவில் போய் இதைச் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். 2019இல் இங்கே மறுபடி திறந்தபோது நள்ளிரவிலும் வரிசை நின்றதாம். காதல் பண்ணிய காலத்தில் அக்காவை இதற்காகவே ஜொகூருக்குக் கூட்டிப் போனதாக மாமா சொல்ல, அப்பா நீர்வீழ்ச்சியைப் பார்ப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தக் காதல் விவகாரத்தில் வீட்டில் நடந்தது தனிக் கட்டுரை.

அப்பாவுக்கு என்ன வாங்குவது? தம்பி யோசித்து ஒரு ரூட் பீர் வாங்கி வந்தான்.

"பீரா? புரட்டாசியிலயா?"

"பேருதான் பீர் தாத்தா. வெறும் சோடா."

உறைய வைத்த கனமான கண்ணாடிக் குவளை, வெளியே வெள்ளையாகப் பனி பூத்திருந்தது. கறுப்பு பானம், மேலே நுரை. எனக்கு அதன் வாசனையே ஆகாது, முழங்காலுக்குத் தேய்க்கும் தைலம் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் இதற்குச் சுவை கொடுத்த வேர்களில் சர்சப்பரில்லாவும் ஒன்று. அதன் பெயரைத்தான் வெள்ளைக்காரன் நம் நன்னாரிக்கும் வைத்து, இந்தியச் சர்சப்பரில்லா என்றான். இதையெல்லாம் நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அப்பா ஒரு வாய் குடித்துவிட்டார். கண்ணை மூடினார். இன்னொரு வாய்.

"நன்னாரி சர்பத்து. சத்திரம் பஸ் ஸ்டாண்ட் எதிர்க்க ஒருத்தன் போடுவான்ல, அதுல கோலி சோடாவை ஊத்தின மாதிரி."

"தாத்தாவோட தைலம் மாதிரி இருக்கு" என்றான் தம்பி.

அப்பா மோந்து பார்த்தார். "அதுவும் இருக்கு" என்று ஒப்புக்கொண்டார். மீசையில் நுரை. ஏழு நாளில் முதல் தடவையாக விலையைக் கேட்கவில்லை. இன்னொன்று சொல்லச் சொன்னார்.

இரண்டாவது குவளையில் பாதி மிச்சமிருக்கும்போது அக்கா கடிகாரத்தைக் காட்டினாள். அப்பா பையைத் துழாவி, வீட்டிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகத் தொடங்கினார்.

"தாத்தா, உள்ள விடமாட்டாங்க. சோதனையில கொட்டச் சொல்லுவாங்க."

"எதை?"

"தண்ணி, சோடா, எல்லாத்தையும்."

அப்பா பாட்டிலை மூடிப் பைக்குள் வைத்தார். மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். விமானத்துக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது என்று எங்கள் எல்லோருக்கும் பொதுவாக அறிவித்துவிட்டு, குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.